கத்திரி வெயிலில் ஒரு கூடாரம்

ஏப்ரல் 27, சனி. சென்னை

அலுவலக நண்பர் தன் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கும் அதையொட்டி நடக்கும் பாரதக் கூத்துக்கும் மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த வருடம் சரி என்றதும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "வாங்க, தாராளமா வாங்க. சோத்துக்குக் கவலை இல்லை. படுக்கத்தான் எடம் இல்லை." கட்டிக்கொடுத்த அக்காக்கள் மூன்று பேர், அவர்கள் வீட்டுக்காரர்கள், பிள்ளைகள் எல்லாம் சேர்த்து இரண்டு அறையில் பதினேழு பேராம். அப்படியென்றால் டென்ட் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன்.

இசை விழாவுக்கு டென்ட் வாங்குவது எப்படி என்று தேடினால், கிடைப்பதெல்லாம் இங்கிலாந்துக்காரர்கள் எழுதியது. கிளாஸ்டன்பரி என்ற பெயர் வராத பக்கமே இல்லை. சோமர்செட் பக்கம் ஒரு பால் பண்ணையில் 1970இல் தொடங்கிய விழா. முதல் வருடம் டிக்கெட் ஒரு பவுண்டு, பண்ணைப் பால் இலவசம். அவர்களுடைய கவலை மழை, சேறு, விடியற்காலைக் குளிர். நான் போவதோ கத்திரி வெயிலில் கலவை என்ற ஊர்ப் பக்கம். அவர்கள் சொன்னதை எல்லாம் தலைகீழாக வைத்துப் படித்துக்கொண்டேன்.

கடைப் பையன் கரும்பச்சையில் ஒன்றைக் காட்டி, "இமயமலைக்கே போகலாம் சார்" என்றான். இமயமலைக்குப் போகிறவனுக்குத்தான் அது. நான் கேட்டது மூன்று விஷயம். முதலாவது, உள்கூடு முழுக்கக் கொசுவலையாக இருக்க வேண்டும், மழைத் துணி தனியாகக் கழற்ற வர வேண்டும். ஒற்றைத் துணி டென்ட் மலிவுதான், ஆனால் உள்ளே விடுகிற மூச்சே சுவரில் ஈரமாகப் படிந்து சொட்டும். இரண்டாவது, வெளிர் நிறம். மூன்றாவது, ஆள் கணக்கு. 'இரண்டு பேர் டென்ட்' என்றால் இரண்டு பேர் பென்சில் டப்பாவில் போல ஒட்டிப் படுக்கலாம் என்று அர்த்தம், பைக்கு இடம் கிடையாது. அதனால் ஒரு ஆளுக்கு மூன்று பேர் டென்ட். சாம்பல் நிறம், மூன்று கிலோ எடை, மழைத் துணியில் 2000 மி.மீ. என்று போட்டிருந்தது. இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் துணி ஒழுகாது என்று பொருள். 3,450 ரூபாய்.

வீட்டில் பிரித்துக் காட்டினேன். அம்மா வலையை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். "இவ்வளவு ரூபாய்க்குக் கொசுவலையாடா?"

மாடியில் நட்டுப் பார்த்தேன். முதல் தடவை நாற்பது நிமிடம், இரண்டாம் தடவை பன்னிரண்டு. காங்கிரீட்டில் முளை அடிக்க முடியாது என்பதால் அந்த ஒன்றை மட்டும் சோதிக்கவில்லை.

மே 8, புதன். ஆற்காடு வழியாக

ஆற்காட்டில் இறங்கியதும் மக்கன் பேடா. பார்க்க ஊதிப்போன குலாப் ஜாமூன் மாதிரி இருக்கும், உடைத்தால் நடுவில் முந்திரி, பாதாம், திராட்சை. ஒன்று 25 ரூபாய். இரண்டு சாப்பிட்டேன். அந்த வெயிலில் இரண்டாவது வேண்டாத வேலை. அடுத்த பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் பாகு தொண்டைக்கு வந்து நின்றது.

நண்பரின் பெரியப்பா ஏரிக்கரைக்குக் கீழே, திரௌபதி அம்மன் கோயிலுக்குப் பின்னால் இடம் காட்டினார். அறுவடை முடிந்த வெறும் வயல், ஓரத்தில் ஒரு புளியமரம். எந்த மாவட்டம் இது என்று தெரியாதது போலக் கேட்டேன். "நான் பொறந்தப்ப வட ஆற்காடு. எண்பத்தொம்பதுல பிரிச்சி வேலூர் பக்கம் இன்னாங்க. அப்புறம் ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல ராணிப்பேட்டைன்ட்டாங்க. வூடு இன்னாவோ அதே எடத்துலதான் கீது."

டென்டோடு வந்த முளைகள் பன்னிரண்டு. பேனா ரீஃபில் தடிமனில், ஒரு சாண் நீளத்தில் கம்பி. முதல் முளையைக் கல்லால் தட்டினேன், வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது. மூன்றாவது தெறித்து எங்கேயோ போனது. ஏரி மண் காய்ந்தால் எப்படி இறுகும் என்று எந்த இங்கிலாந்துக்காரரும் எனக்குச் சொல்லவில்லை. பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். அப்புறம் போய் மாட்டுக் கொட்டகையிலிருந்து நாலு முளைக்குச்சி எடுத்து வந்தார். வேல மரம், என் கட்டைவிரலைப் போல இரண்டு மடங்கு தடிமன். முதலில் கடப்பாரையால் ஒரு குத்து, குழியில் கால் சொம்புத் தண்ணீர், ஐந்து நிமிடம் பேச்சு, அப்புறம்தான் முளை. நேராகவும் அடிக்கவில்லை. கயிறு எந்தப் பக்கம் இழுக்குமோ அதற்கு எதிர்ப் பக்கமாகத் தலையைச் சாய்த்து அடித்தார்.

"நேரா அட்ச்சா மாடு ஒரு இழுப்புல புடுங்கிக்கினு போயிடும்."

சென்னையில் நான் படித்த பக்கங்களில் இதே விஷயம் படம் போட்டு, கோணம் குறித்து எழுதியிருந்தது. படித்தவன்தான் நேராக அடித்துக்கொண்டிருந்தேன்.

இரவு பத்தரைக்குக் கூத்து, கிருஷ்ணன் தூது. விடிய விடிய. அதைப் பற்றி நாளை எழுதுகிறேன், கண் எரிகிறது.

மே 9, வியாழன்

எழுத ஒன்றும் மிச்சமில்லாத அளவுக்கு வெந்துவிட்டேன்.

கணக்கு எங்கே தப்பியது என்றால், டென்ட் என்பது ராத்திரி தூங்குகிறவனுக்காகச் செய்தது. இங்கே ராத்திரி யாரும் தூங்குவதில்லை. பகலில் இரண்டு மணிக்குப் பாரதப் பிரசங்கம், இரவு பத்து மணிக்கு மேல் கூத்து, முடியும்போது கோழி கூவிவிடும். ஊரே காலை ஆறு மணிக்குத்தான் படுக்கிறது. நானும் ஆறேகாலுக்கு ஜிப்பை இழுத்து மூடிப் படுத்தேன். ஏழரைக்கு முதுகு நனைந்திருந்தது. எட்டரைக்குக் கைப்பேசி 'சூடு அதிகம்' என்று தானே அணைந்துகொண்டது. வெளியே யாரோ ஒரு பாட்டியின் குரல்: "இன்னா நைனா, உள்ள வெந்துகினு கீறியா?"

பாட்டி நின்று வேலை வாங்கினார். மழைத் துணியைக் கழற்றச் சொன்னார். நாலு பையன்கள் சேர்ந்து, மிச்சக் கூட்டை அப்படியே பல்லக்கு மாதிரித் தூக்கிப் புளியமர நிழலில் வைத்தார்கள். அதற்கப்புறம்தான் அது உருப்படியான பொருளாக மாறியது. நாலு பக்கமும் வலை, காற்று வருகிறது, ஈ வரவில்லை, எறும்பு வரவில்லை. பக்கத்தில் கோரைப் பாயில் படுத்திருந்தவர்கள் துண்டால் ஈ ஓட்டிக்கொண்டே தூங்க, நான் ராஜா மாதிரி கிடந்தேன். இரண்டு மணி வரைதான். சரியாக என் தலைக்கு மேல், புளியங்கிளையில், கோயிலின் புனல் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறது என்பதை இரண்டு மணிக்குத்தான் கவனித்தேன். பிரசங்கியார் விருத்தத்தை எடுத்தார். எடுத்தது நேராக என் காதுக்குள். நல்ல குரல், அதில் குறையில்லை. வில்லி பாரதத்தில் ஒரு பாட்டு, அதற்குப் பொருள், நடுவில் ஊர்க்கதை, மறுபடி பாட்டு என்று நாலரை மணி வரை போனது. எதிரே பத்துப் பன்னிரண்டு கிழவிகள், ஆளுக்கொரு விசிறி. அவர்கள் யாரும் அசையவில்லை.

சாப்பாடு நண்பர் வீட்டில். ஊருக்குக் காப்புக் கட்டியிருப்பதால் கவிச்சி கிடையாது. கேழ்வரகுக் களி, முள் கத்திரிக்காய்க் காரக்குழம்பு. காம்பில் முள் இருக்கிற குண்டுக் கத்திரிக்காய், இலவம்பாடிப் பக்கத்து ரகம், இப்போது புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. எண்ணெயில் அது குழைகிற விதமே வேறு. களியை மென்று தின்னப் போனேன். நண்பரின் அக்கா சிரித்துவிட்டு, "முழுங்கணும் தம்பி, மென்னா பல்லுல ஒட்டிக்கும்" என்றார். சாயங்காலம் சாலையோரம் நுங்கு, ஐந்து கண் 30 ரூபாய். இரண்டு செட்.

ராத்திரி அபிமன்யு. திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டே சலங்கைக் காலை மட்டும் காட்டினான் துரியோதனன். திரை விலக அரை மணி ஆனது. அந்த அரை மணிக்கு முகவீணையும் மிருதங்கமும் விடவே இல்லை. முகவீணை நாதஸ்வரம் மாதிரி ஊதுகிற சின்னக் குழல்தான். அதன் கூர்மை ஏரிக்கரை தாண்டிக் கேட்கும்.

நடுச்சாமத்தில் மாமா ஒருத்தர் டென்ட் கயிறு தடுக்கி விழுந்தார். அமாவாசை கழிந்த இரவு, கயிறு கண்ணுக்கே தெரியாது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, டென்டைப் பார்த்து "மன்னிச்சிக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே யாரும் இல்லை. நான் பக்கத்தில் சுக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

மே 10, வெள்ளி

காலையில் வேலை: பாட்டி கொடுத்த பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து எல்லாக் கயிற்றிலும் கட்டியது. வேண்டுதல் மரம் மாதிரி ஆகிவிட்டது. பதினோரு மணிக்கு ஒரு சின்னப் பெண் வந்து, இங்கே என்ன சாமி என்று கேட்டாள்.

ஒரு கயிற்றை ஆட்டுக்குட்டி மென்று அறுத்திருந்தது. கொல்லன் பட்டறையில் பழைய முறுக்குக் கம்பியை ஒரு அடிக்கு வெட்டித் தலையை வளைத்து நாலு முளை வாங்கிக்கொண்டேன். ஒன்று 40 ரூபாய். பெரியப்பாவின் முளைக்குச்சிகள் மாட்டுக்குத் திரும்பப் போயின. மாடு இரண்டு நாளாகத் தென்னை மரத்தில் கட்டுண்டு கிடந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் மேற்கே மின்னல். மரத்தடியில் மின்னலோடு விளையாட வேண்டாம் என்று டென்டைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய், மழைத் துணி மாட்டி, நாலு மூலையிலும் கம்பி முளை இறக்கினேன். தரை ஈரம் ஏறாமல் இருக்க அடியில் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரை விரித்தேன், ஏதோ காதணி விழா பேனர். டென்டைவிடப் பெரிது, நாலு பக்கமும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தாராளமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று கர்ண மோட்சம். இந்தப் பக்கத்தில் இதற்குத்தான் கூட்டம். கர்ணன் போருக்குக் கிளம்புகிறான், அவன் மனைவி பொன்னுருவி வழி மறித்துத் தர்க்கம் செய்கிறாள். எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பொன்னுருவி வேஷம் கட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும், குரல் உடைந்திருந்தது, அந்த உடைசலே வேஷத்துக்குப் பொருத்தமாக இருந்தது. நடுவில் நான் 200 ரூபாய் அன்பளிப்புக் கொடுத்தேன். பெயர் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினேன். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பெயர் சொல்லவில்லை.

"மெட்ராஸ்ல இருந்து கூடாரத்தோட வந்துகீற தம்பி ஐயா இருநூறு ரூபா! பாண்டவங்க பன்னெண்டு வருசம் வனவாசம் போனாங்க, கூடாரம் எட்த்துக்கினா போனாங்க? அவங்களுக்குத் தோணலியே!"

ஊரே திரும்பிப் பார்த்தது.

இரண்டு மணிக்குக் காற்று. முதலில் மண், அப்புறம் பந்தல் கீற்று இரண்டு பறந்தது, அப்புறம் கல் எறிந்த மாதிரித் துளிகள். விளக்கை அணைத்தார்கள். கூட்டம் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சிதறியது. வேஷம் கட்டுகிற கொட்டகை வெறும் தென்னங்கீற்று, நாலு இடத்தில் ஒழுகியது. ஆர்மோனியத்தை ஒருவர் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். கூத்து வாத்தியார் என்னைப் பார்த்துக் கத்தினார்: "தம்பி, கட்டைய உள்ள வெக்கலாமா?"

கட்டை என்றால் ஆபரணங்கள். கிரீடம், புஜக் கட்டை, மார்புப் பதக்கம், எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டும் ஒட்டியது. தூக்கினால் பஞ்சு மாதிரி கனமே இல்லை. தண்ணீர் பட்டால் காகிதம் உரிந்துவிடும். ஐந்து நிமிடத்தில் என் மூன்று பேர் டென்டுக்குள் துரியோதனனின் கிரீடம், அர்ச்சுனனின் புஜங்கள், சகுனியின் குல்லா, மூன்று வாத்தியம், ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்த நண்பரின் அக்கா பிள்ளைகள் இரண்டு. எனக்கு இடமில்லை.

கர்ணன் மட்டும் முழு வேஷத்தோடு நின்றார். அவிழ்க்க நேரமில்லை, கிரீடத்தோடு வாசலில் நுழையவும் முடியாது. தலையில் ஒரு யூரியாச் சாக்கு. அப்போதுதான் கம்பு உடைந்தது. ஃபைபர் கம்பு, உள்ளே எலாஸ்டிக் ஓடுகிற துண்டுகள், இரண்டு துண்டு சேருகிற இடத்தில் 'சளக்' என்று பிளந்தது. ஒரு பக்கம் கூடு இறங்கியது. கர்ணன் வெளியிலிருந்தே கையை நீட்டி, துணியோடு கம்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இருபது நிமிடம் இருக்கும். மழைத்தாரையில் அரிதாரம் கரைந்து முழங்கை வழியாகச் சிவப்பாக வடிந்தது. மின்னல் அடிக்கும்போதெல்லாம் அவர் மார்புக் கண்ணாடிகள் மின்னின. நான் மறுபக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "கை வலிக்குதாண்ணா?" என்றேன். "வில்லு புடிச்சி பழக்கம்தான்" என்றார்.

மேலே ஒரு சொட்டு ஒழுகவில்லை. 2000 மி.மீ. கணக்கு மெய்தான். ஆனால் கீழே என் காதணி விழா பேனர் வேலையைக் காட்டியது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தில் விழுந்த மழை எல்லாம், தாம்பாளத்தில் வார்த்த மாதிரி, டென்டின் அடிக்கே ஓடி வந்தது. கையால் அமுக்கினால் தரை தண்ணீர்ப் படுக்கை மாதிரி ஆடியது. விரிப்பு டென்டின் ஓரத்துக்கு நாலு விரல் உள்ளே அடங்கியிருக்க வேண்டும். பிள்ளைகளின் பாயைத் தூக்கி, பேனரின் ஓரத்தை அரிவாளால் அறுத்து உள்ளே மடித்துவிட்டேன். ஒரு கிரீடத்தின் அடி மட்டும் கொஞ்சம் நனைந்தது. வாத்தியார் அதைத் தடவிப் பார்த்து, பரவாயில்லை என்றார். பரவாயில்லை என்பது முகத்தில் தெரியவில்லை.

மூன்றரைக்கு விட்டது. சேற்றில் வைக்கோல் பரப்பினார்கள். முகத்தை மறுபடி எழுதிக்கொண்டு கர்ணன் வந்தார். அம்பு பட்டு விழுந்து, செய்த தருமத்தை எல்லாம் தாரை வார்க்கிற இடம் வரும்போது கிழக்கே வெளுத்துவிட்டது. கூட்டம் பாதிதான் திரும்பி வந்திருந்தது. அந்தப் பாதி கடைசி வரை உட்கார்ந்திருந்தது.

மே 11, சனி

மழை பெய்த மறுநாள் புழுக்கம், முந்தின நாளை விட மோசம். நன்றாகத் தூங்கினேன். உடைந்த கம்புக்குப் பழைய குடைக் கம்பியின் குழாயில் விரல் நீளம் அறுத்து, மேலே மாட்டி, சைக்கிள் டியூப் சுற்றிக் கொடுத்தார் பஞ்சர் கடைக்காரர். காசு வாங்கவில்லை. "கிரீடம் வெச்சிருந்த கொட்டாய் ஆச்சே" என்றார். ஊரில் அதற்கு இப்போது பெயரே டென்ட் கொட்டாய். என்ன படம் ஓடுது என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

ராத்திரி பதினெட்டாம் போர். பன்னிரண்டு மணி வாக்கில் கட்டியங்காரன் என்னைத் தேடிப் பிடித்துவிட்டான். "தம்பி, இன்னிக்கி மட்டும் கூடாரத்துல தூங்காத. அசுவத்தாமன் வர ராத்திரி. பாசறையில தூங்கினவங்க கதி இன்னா ஆச்சு?" தூக்கத்திலேயே அசுவத்தாமன் கையால் செத்த திரௌபதியின் ஐந்து பிள்ளைகள், இளம்பஞ்சவர் கதை தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. உண்மையாகவே என் கையைப் பிடித்து, "வோணாம் நைனா, இங்கயே குந்து" என்றார்.

விடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மே 12, ஞாயிறு

காலை படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான், முப்பது அடிக்கு மேல் இருப்பான் என்று கால் வைத்து அளந்தேன். வெள்ளி ராத்திரி மழையில் ஒரு கை கரைந்துபோய், சனிக்கிழமை பூசி எடுத்திருக்கிறார்கள். அந்தக் கை மட்டும் ஈரக் கறுப்பாகத் தெரிந்தது. துரியோதனன் சுற்றிச் சுற்றி ஓட, பீமன் விரட்ட, தொடையில் அடி விழுந்ததும் ஊர்ப் பெண்கள் ஓவென்று அழுதார்கள். அப்புறம் திரௌபதி கூந்தல் முடிந்தாள். என் டென்டைக் கேலி செய்த கட்டியங்காரன் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

சாயங்காலம் தீமிதி. நான் இறங்கவில்லை, காப்புக் கட்டவில்லையே. நண்பர் இறங்கினார். அவருடைய அம்மா அதுவரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

டென்டை மடித்தேன். எந்த ஊரிலும் இது வந்த பைக்குள் திரும்பப் போகாது போலிருக்கிறது. சாக்கில் கட்டி எடுத்து வந்தேன். தரைத் துணியில் சிவப்பு அரிதாரக் கறை, ஒரு கைப்பிடி அளவுக்கு. ஓரப் பையில் கிரீடத்திலிருந்து உதிர்ந்த கண்ணாடித் துண்டு ஒன்று.

மே 14, செவ்வாய். சென்னை

ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்துவிடும் என்று நேற்று மாடியில் விரித்துக் காயவைத்தேன். இன்று அலுவலகம் முடிந்து வந்து எடுத்து வைக்கலாம் என்று போனால், உள்கூடு நின்றுகொண்டிருந்தது. அம்மாவே நட்டிருக்கிறார். குடைக் குழாய் போட்ட கம்பு சரியாக அதன் இடத்தில் இருந்தது. காற்றுக்கு நாலு மூலையிலும் செங்கல். வலைக்குள் பழைய வேட்டி விரித்து, வரிசை வரிசையாகக் கூழ் வடாம். வெளியே கைப்பிடிச் சுவரில் இரண்டு காக்கை, உள்ளே போக வழி தெரியாமல்.

"ஜூன் வரைக்கும் எங்கேயும் எடுத்துட்டுப் போயிடாதே" என்றார்.